விளக்கம் என்ற சொல்லும் நம் வீட்டுக் கிதாபும்



ஆங்கிலப் பாடத்தில் 'எக்ஸ்பிளனேட்டரி' என்றொரு சொல் வருகிறது. 'விளக்கம் தருகிற' என்பது பொருள். ஒத்த சொல் கேட்டால் எக்ஸ்பொசிட்டரி, இலூசிடேட்டிவ், இன்டர்பிரட்டிவ் என்று பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். நான்குக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். வித்தியாசம் அந்தச் சொற்களின் வரலாற்றில் இருக்கிறது.

நான்கும் லத்தீனில் இருந்து வந்தவை. முதலாவதன் வேர், மேடுபள்ளத்தைச் சமமாக்குவது. இரண்டாவது, உள்ளே இருப்பதை வெளியே எடுத்து வைப்பது. மூன்றாவது, வெளிச்சம் காட்டுவது. நான்காவது, இரு தரப்புக்கும் நடுவில் நிற்பவரின் வேலை. துறைமுகங்களில் வியாபாரிகளுக்கு இடையில் துபாசிகள் செய்தது இதைத்தான்.

தமிழில் 'விளக்கு' என்றாலும் வெளிச்சம்தான். பல் விளக்குவது போல, அழுக்கை நீக்குவதும் அதே சொல்தான். உரை என்பதிலும் நம் முன்னோர் பல வகை கண்டார்கள். சொல்லுக்குச் சொல் பொருள் சொன்னால் பதவுரை, திரட்டிச் சொன்னால் பொழிப்புரை. சுருக்கமான காண்டிகையுரை, விரிவான விருத்தியுரை என்று நன்னூல் பிரித்துக் காட்டுகிறது.

அரபியில் தப்ஸீர், பயான், ஷரஹ் என்கிறோம். ஷரஹ் என்றால் திறந்து விரிப்பது. குர்ஆனின் 94 ஆவது சூராவான அல்-இன்ஷிராஹ்வின் பெயரும் அதே வேரில் பிறந்ததுதான்.

இந்தத் தமிழும் அரபியும் ஒரே கிதாபில் சந்தித்தன. காயல்பட்டினத்தில் 1816 இல் பிறந்து, இலங்கைக்கும் வந்து மார்க்கப் பணி செய்து, 1898 இல் வபாத்தான மாப்பிள்ளை லெப்பை ஆலிம் எழுதிய மகானிதான் அது. அதன் நீண்ட அரபிப் பெயருக்குள்ளேயே 'ஷரஹ்' என்ற சொல் இருக்கிறது. எழுத்து அரபி, மொழி தமிழ். அரபி மொழி தெரியாத உம்மும்மாமாரும் தொழுகை, நோன்புச் சட்டங்களை இப்படிப்பட்ட கிதாபுகளில் தாங்களே வாசித்து விளங்கினார்கள். கேட்பவருக்குத் தெரிந்த மொழிக்கு இறங்கி வந்து சொல்வதுதான் விளக்கம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குத் தேவையில்லை.

இன்று நிலைமை என்ன? 2004 சுனாமியிலும் 2006 மூதூர் இடம்பெயர்விலும் வீட்டுச் சாமான்களோடு கிதாபுகளும் போயின. மிஞ்சியவற்றை அரபி எழுத்து என்ற மரியாதையில் உயரத்தில் வைக்கிறோம், கிழிந்தால் புதைக்கிறோம். திறந்து வாசிப்பதில்லை. விளங்கவைக்க எழுதிய கிதாபே விளங்காத கிதாபாகிவிட்டது.

ஆனால் வழி தூரமில்லை. நம் பிள்ளைகள் குர்ஆன் மத்ரஸாவில் அரபி எழுத்து ஓதுகிறார்கள், வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். ச, ப, ட, ழ போன்ற தமிழ் ஓசைகளுக்காகப் புள்ளி கூட்டி அமைத்த சில எழுத்துகளை மட்டும் படித்துக்கொண்டால் போதும், அரபுத் தமிழைக் கூட்டி வாசிக்கத் தொடங்கிவிடலாம்.

கிண்ணியா, மூதூர், தோப்பூர், ஜமாலியா உறவுகளே, உங்கள் வீட்டில் பழைய கிதாபு இருந்தால் புதைப்பதற்கு முன் முதல் பக்கத்தையாவது படம் எடுத்து வையுங்கள். வாசிக்கத் தெரிந்த மூத்தவர்கள் இருந்தால் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வோம்.