மலையகத்து வீட்டுக்கு மாற்று எஸ்பிரெசோ இயந்திரம்: உயரம், மின்சாரம், நீர் பற்றிய ஓர் ஆய்வு

1. களமும் கேள்வியும்

இலங்கையின் மத்திய மலைநாட்டுக்குத் தமிழரை முதலில் இழுத்துவந்தது கோப்பி. 1820களில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்காகவே தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஆட்கள் நடந்தும் கடல் கடந்தும் வந்தார்கள். 1869இல் கோப்பியைத் தாக்கும் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. அதற்கு இரண்டாண்டு முன்பே ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிடத் தொடங்கியிருந்தார். கோப்பி சரிந்த நிலத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. ஆனாலும் கோப்பி மரம் மலையை விட்டுப் போகவில்லை. லயத்துக்குப் பின்னாலும் குவாட்டர்ஸ் வேலியோரத்திலும் இரண்டு மரமாவது நிற்கும். பழம் பறித்துக் காயவைத்து, சட்டியில் கருக வறுத்து, கொத்தமல்லியோ சுக்கோ சேர்த்து இடித்துக் குடிக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது.

இன்று ஹட்டனிலும் நுவரெலியாவிலும் ஆசிரியர், தோட்ட உத்தியோகத்தர், கடைக்காரர் வீடுகள் சிலவற்றில் எஸ்பிரெசோ இயந்திரமும் இடம்பிடித்திருக்கிறது. முதல் இயந்திரம் பெரும்பாலும் அன்பளிப்பாக வரும், அல்லது வளைகுடாவில் வேலை முடித்துத் திரும்புபவரின் பெட்டியில் வரும். அது பழுதானபின் வாங்கும் இரண்டாவதைத்தான் வீட்டார் தாமே தெரிவுசெய்கிறார்கள். அதற்கு அவர்கள் நம்பும் வழிகாட்டல்களோ கடல்மட்டத்து நகரங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றைப் படித்து, சம்பளத்தில் மிச்சம்பிடித்த பணத்தைக் கொடுத்து வாங்கிய இயந்திரம் மலையில் சொன்னபடி நடப்பதில்லை. மலையில் முதலில் பார்க்க வேண்டியது வெப்பத்தைச் சேர்த்துவைக்கும் திறன் என்பதே இக்கட்டுரையின் வாதம். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 15 பார், 20 பார் என்ற எண்களுக்கு இங்கே அவ்வளவு வேலை இல்லை.

2. உயரமும் கொதிநிலையும்

நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டன் 1271 மீற்றர். உயரம் கூடக்கூட வளியமுக்கம் குறையும், அதோடு நீரின் கொதிநிலையும் இறங்கும். நுவரெலியாவில் திறந்த கேத்தலில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலும், ஹட்டனில் 96 பாகைக்குச் சற்றுக் கீழேயும் கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு நெருப்பு வைத்தாலும் ஆவிதான் போகும், சூடு ஏறாது.

எஸ்பிரெசோவுக்குப் பொதுவாக 90 முதல் 96 பாகை வரை சூடுள்ள நீர் வேண்டும். இளவறுப்புக் கொட்டைக்கு மேல் எல்லை, கருவறுப்புக்குக் கீழ் எல்லை. கடல்மட்டத்தில் இந்த முழு வீச்சும் கொதிநிலைக்குக் கீழே அடங்கிவிடும். நுவரெலியாவில் அதன் மேற்பகுதி கொதிநிலையைத் தாண்டுகிறது. பம்ப் 9 பார் அழுத்தம் கொடுக்கும்போது நீர் கொதிக்காது என்பதால் 95 பாகையில் கோப்பி இறக்குவது மலையிலும் முடியும். இதனால்தான் எஸ்பிரெசோ இயந்திரத்துக்கு மலையில் தனி மதிப்பு உண்டு என்கிறேன். கேத்தலிலிருந்து ஊற்றிச் செய்யும் எந்த முறைக்கும் எட்டாத சூட்டை அது எட்டும். ஆனால் பம்ப் ஓடத் தொடங்கி அழுத்தம் ஏறும்வரை சில வினாடிகள் உண்டு. அந்த நேரத்தில் கொதிநிலைக்கு மேலுள்ள நீரில் ஒரு பகுதி ஆவியாகி, மிச்ச நீர் தானாகவே 94க்கு இறங்கிவிடும். ஆகவே நுவரெலியா வீட்டில் வெப்பநிலையை 93க்கு மேல் கூட்டுவதால் கிடைக்கும் பலன் குறைவு.

இதைக் கண்ணால் பார்க்கலாம். கோப்பிக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, இயந்திரத்தின் வாயிலிருந்து வெறும் நீரை ஓடவிட வேண்டும். முதலில் சீறிச் சிதறி, ஆவியும் துளியுமாக வரும். சில வினாடிகளில் சீறல் அடங்கி, நீர் கண்ணாடிபோல் ஒரே தாரையாக விழும். வெப்பமாற்றிக் குழாய் உள்ள இயந்திரங்களுக்கு வழிகாட்டல்கள் ஒரு விதி சொல்கின்றன: சீறல் நிற்கும்வரை நீரை ஓடவிட்டு, பிறகும் சில வினாடி ஓடவிட்டுக் கோப்பி போடு. கடலோர நகரத்தில் சீறல் நிற்கும் இடம் 100 பாகை, எனவே அந்த உபரி வினாடிகள் தேவைப்படுகின்றன. நுவரெலியாவில் சீறல் நிற்கும்போதே நீர் 94இல் இருக்கிறது. உபரியாக ஓடவிட்டால் சூடு தேவைக்குக் கீழே போய், கோப்பி புளிக்கும். புளிப்பதற்குக் கொட்டையைக் குறைசொல்லிக்கொண்டே பலர் கோப்பித்தூளை மாற்றுகிறார்கள். மாற்ற வேண்டியது அந்தச் சில வினாடிகளை.

அழுத்தமானியும் இதேபோல் ஏமாற்றும். ஆவிக் கொதிகலனின் மானி சுற்றுப்புற வளியமுக்கத்துக்கு மேலான அழுத்தத்தையே காட்டுகிறது. கொழும்பில் 1.1 பார் என்று காட்டினால் உள்ளே ஏறத்தாழ 122 பாகை. நுவரெலியாவில் அதே 1.1 பாருக்கு உள்ளே ஏறத்தாழ 119 பாகைதான், ஏனெனில் வெளியே வளியமுக்கம் 0.8 பார் அளவே இருக்கிறது. அழுத்தத்தால் கட்டுப்படுத்தப்படும் இயந்திரம் வாங்கினால், அழுத்தச் சுவிட்சை ஏறத்தாழ 1.3 வரை உயர்த்தித் தரும்படி கேட்க வேண்டும். வெப்பநிலையால் கட்டுப்படுத்தப்படும் இயந்திரத்துக்கு இந்தத் திருத்தம் வேண்டியதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, இரண்டில் ஒன்றென்றால் நான் தெர்மோஸ்டாட் உள்ளதையே தெரிவுசெய்வேன்.

3. மின்சாரம்

காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீர் நோர்ட்டன் பிரிட்ஜில் மின்சாரமாகி நாட்டுக்கே போகிறது. ஆனால் அதற்கு அண்மையிலுள்ள தோட்டங்களில்கூட, நீண்ட கம்பியின் கடைசியில் இருக்கும் வீட்டுக்கு மாலை வேளையில் 230 வோல்ட் முழுதாக வந்து சேராமல் போகலாம். சூடாக்கும் கம்பியின் வலு மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு மாறும். 200 வோல்ட்தான் வருகிறதென்றால் 1400 வாட் இயந்திரம் ஏறத்தாழ 1060 வாட் அளவுக்கே சுடும்.

இங்கேதான் சேர்த்துவைத்த வெப்பத்தின் அருமை தெரிகிறது. சிறிய விலையில் வரும் பல இயந்திரங்களில் கொதிகலன் கிடையாது. நீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைச் சூடாக்கும் உலோகக் கட்டை மட்டுமே உண்டு. நுவரெலியாவில் தொட்டி நீர் காலையில் 16 பாகை என்று வைத்துக்கொள்வோம். அதை 93க்கு ஏற்ற வேண்டும். கோப்பி இறங்கும்போது வினாடிக்கு 2 மில்லிலீற்றர் என்றால் 640 வாட் அளவு போதும். ஆனால் பம்ப் தொடங்கித் தூளை நனைக்கும் முதல் வினாடிகளில் நீர் அதைவிட வேகமாகப் பாயும். வினாடிக்கு 5 மில்லிலீற்றர் என்று கொண்டால் தேவை 1600 வாட்டைத் தொடும். மெலிந்த கரண்டில் அந்தக் கட்டை இதற்கு ஈடுகொடுக்காது. தூளில் முதலில் படும் நீர் ஆறிப்போய்தான் வரும். பித்தளைக் கொதிகலன் உள்ள இயந்திரமோ முன்கூட்டியே சூட்டைச் சேர்த்து வைத்திருக்கும். மின்னழுத்தம் குறைந்தால் அது சூடேறக் கூடுதல் நேரம் எடுக்கும், அவ்வளவே. கோப்பி கெடாது.

பிளக் பொயின்டையும் பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் உருண்டை முனை 5 அம்பியர் பொயின்ட்தான் சமையலறையில் இருக்கும். அது தாங்குவது ஏறத்தாழ 1150 வாட். 1400 வாட் இயந்திரம் 6 அம்பியருக்கு மேல் இழுக்கும். மாற்றி ஒன்றைச் செருகி ஓட்டுவோர் அந்தப் பொயின்டின் முகத்தைக் கவனிக்கட்டும்: துளையைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் அது சுடுகிறது என்று பொருள். பழைய கூரைக்குக் கீழே அடுத்தடுத்து அறைகள் இருக்கும் லயத்தில் இது ஒரு வீட்டோடு நிற்கிற ஆபத்து அல்ல. சதுர முனை 13 அம்பியர் பொயின்ட் ஒன்றைத் தனிக் கம்பியோடு போட்டுக்கொள்ளும் செலவை இயந்திரத்தின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். குளிர்சாதனப் பெட்டிக்கு வைத்திருக்கும் சிறிய ஸ்டெபிலைசரில் இதைக் கொடுப்பதும் தவறு. குறைந்தது 2 கிலோவோல்ட்-அம்பியர் அளவுடையது வேண்டும்.

வளைகுடாவிலிருந்து கொண்டுவருவோர் பின்தகட்டைப் படிக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் ஆகியவற்றில் இங்குபோலவே 50 ஹேர்ட்ஸ். சவூதி அரேபியாவில் 60 ஹேர்ட்ஸ். அதிர்வுப் பம்பின் வேகம் அந்த எண்ணையே பின்பற்றுவதால், 60க்கு மட்டும் என்று குறித்த இயந்திரத்தை இங்கே ஓட்டக்கூடாது.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமின்னல் மலையில் வழக்கம். இலத்திரனியல் பலகை அதிகமுள்ள இயந்திரத்துக்கு அதுவே எமன். பயன்படுத்தாத நேரம் பிளக்கைக் கழற்றிவிடுவது ஒன்றே உறுதியான காப்பு.

4. நீரும் பழைய இயந்திரத்தின் நோயும்

யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணற்று நீரில் கேத்தலின் அடியில் வெள்ளைக் கல் படியும். மலையின் பாறை வேறு, நீரும் மெது. பீலியில் விழும் ஊற்று நீரில் சுண்ணாம்பு மிகக் குறைவு. ஆகவே இயந்திரம் பழுதானதும் கல் படிந்துவிட்டது என்று முடிவுகட்டி, அமிலம் ஊற்றிக் கழுவுவது இங்கே முதல் மருந்தாக இருக்க வேண்டியதில்லை. இறுகிய ரப்பர் வாஷர், எரிந்த வெப்பப் பியூஸ், களைத்துப்போன பம்ப், துருப்பிடித்த இணைப்பு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். இவை அனைத்தும் மாற்றக்கூடியவை. பல நிறுவனங்களின் இயந்திரங்களுக்குள் இருப்பது இத்தாலியின் உல்கா பம்ப்தான். ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றுக்கும் பொருந்துவதுண்டு. பழையதில் இதுதான் கோளாறு என்றால் புதிது வாங்கும் பேச்சே வேண்டாம்.

மெது நீரால் வேறொரு சிக்கல் வரும். தானே நீர் நிரப்பிக்கொள்ளும் கொதிகலனில் நீர்மட்டத்தை அறியும் ஊசி, நீர் வழியே ஓடும் சிறு மின்னோட்டத்தை நம்பியிருக்கிறது. உப்பு மிகக் குறைந்த நீரில் அது ஏமாந்து, நிரம்பிய பின்னும் நிரப்பிக்கொண்டிருக்கும். மழை பிடித்த நாட்களில் பீலி நீர் செம்மண் கலங்கி வருவதையும் நினைவில் கொள்ள வேண்டும். அந்த நுண்மண் வால்வில் சிக்கினால் இயந்திரம் சொட்டிக்கொண்டே இருக்கும். தெளியவைத்து, வடிகட்டி ஊற்றினால் போதும்.

5. தூளும் பாலும்

வீட்டுக் கோப்பிதான் போடப்போகிறோம் என்றால் பெரிய இயந்திரம் வீண். உரலில் இடித்த தூளில் மாவும் குருணையும் கலந்திருக்கும். 58 மில்லிமீற்றர் சாதாரணக் கூடையில் நீர் ஏதாவது ஓர் ஓரமாக வழிதேடி ஓடிவிடும். அதற்கு அடியில் ஒற்றைத் துளையுள்ள இரட்டைச் சுவர்க் கூடை கொண்ட எளிய இயந்திரமே பொருத்தம். கொட்டை வாங்கி அரைப்பவர் இயந்திரத்தில் மிச்சம்பிடித்தாவது நல்ல கைக் கிரைண்டர் வாங்கட்டும். மலையில் விளைந்த அரபிகா இறுக்கமான கொட்டை, மலிவான கிரைண்டரின் அலகு அதில் தடுமாறும்.

பால்மா கரைத்துக் குடிக்கும் வீட்டில் ஆவிக்குழாயின் வலுவுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. தோட்டத்து மாட்டுப்பால் வாங்குவோர், காய்ச்சி ஆறவைத்துக் குளிரூட்டிய பாலை நுரைக்க வேண்டும். சூடாகவே எடுத்தால் நுரை எழும்ப நேரமே கிடைக்காது.

6. வகைகளின் மதிப்பீடு

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்ததை அனுபவித்தவர்களுக்குக் கையால் அழுத்தும் நெம்புகோல் இயந்திரத்தில் ஆசை வருவது இயல்பு. ஆனால் கேத்தல் நீரை ஊற்றிப் பயன்படுத்தும் நெம்புகோல்தான் உயரத்தால் அதிகம் பாதிக்கப்படுகிறது. 94இல் கொதித்த நீர் குளிர்ந்த உலோகத்தைத் தொட்டதும் 90க்குக் கீழே போகும். கருவறுப்புக் கோப்பிக்கு, உருளையை ஆவியில் நன்றாகச் சூடாக்கிக்கொண்டால் அது சரிவரும். இளவறுப்புக்குச் சரிவராது. மூடிய கொதிகலன் உள்ள மின் நெம்புகோலுக்கு இக்குறை இல்லை. அதிகம் சூடேறிவிடும் அதன் இயல்புக்கு மலை உயரம் கொஞ்சம் உதவியும் செய்கிறது.

வெப்பமாற்றி இயந்திரம் அடிக்கடி பால்கோப்பி போடும் விருந்தினர் விடுதிக்கு ஏற்றது. 1961இல் வந்த ஃபேமா E61 வழியில் அமைந்த கனத்த பித்தளைத் தலை, மலைக் குளிரில் முழுதாகச் சூடேற அரை மணிக்கு மேலும் பிடிக்கலாம். காலை ஒரு கோப்பி குடித்துவிட்டு வேலைக்கு ஓடும் வீட்டுக்கு அது பொருந்தாது. இரட்டைக் கொதிகலன் இயந்திரத்துக்கு 5 அம்பியர் பொயின்டும் தாங்காது, பணமும் தாங்காது.

மிஞ்சுவது ஒற்றைக் கொதிகலன் இயந்திரம். பித்தளைக் கொதிகலன், தெர்மோஸ்டாட், சாதாரண அதிர்வுப் பம்ப், 58 மில்லிமீற்றர் கூடை, 1000 முதல் 1400 வாட். ரான்சிலியோ சில்வியா இவ்வகையில் பரவலாகத் தெரிந்தது. திறந்தால் உள்ளே இருப்பதை ஹட்டன் நகரத்து மின்திருத்துநர் ஒருவர் பார்த்தவுடன் புரிந்துகொள்வார். 2020இல் தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளின்போது ஒரு பலகைக்காகக் காத்துக் கிடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பால் நுரைக்கும் முன் சற்றுக் காத்திருக்க வேண்டும் என்பதே இதன் குறை.

நுவரெலியாவின் ஏப்ரல் சீசன் முடிந்தபின் விடுதிகள் விற்கும் பழைய இயந்திரத்தையும் இவ்வகையில் தேடலாம். வாங்குமுன் குளிர்ந்த நிலையிலிருந்து தொடங்கச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். தெர்மோஸ்டாட் விளக்கு அணைந்து மறுபடி எரியும்வரை பார்த்திருந்து, கைப்பிடியில்லாமல் நீரை ஓடவிட்டு, சீறல் எப்போது அடங்குகிறதென்று கவனிக்க வேண்டும். பிறகு துளையில்லாத கூடையைப் பூட்டிப் பம்பைப் பத்து வினாடி ஓடவிட்டு நிறுத்தினால், வால்வு நல்லதாயிருந்தால் மிச்ச அழுத்தம் சட்டென்று தட்டில் கொட்டும். சொட்டிச் சொட்டி வந்தால் வால்வின் விலையைக் கழித்துக் கேட்க வேண்டும்.