பாஸ்கர்வில்: கண்ணைக் கெடுக்கும் என்று பழி சுமந்த எழுத்துரு

ஆப்பிள் கணினியில் எழுத்துருப் பட்டியலைத் திறந்தால் 'பாஸ்கர்வில்' என்ற பெயர் தென்படும். இது ஒரு மனிதரின் பெயர். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் வாழ்ந்த ஜான் பாஸ்கர்வில் (1706-1775) முதலில் கையெழுத்துப் பயிற்சி தந்தார், கல்லறைக் கற்களில் எழுத்துப் பொறித்தார். பிறகு மெருகு பூசிய தட்டுகளையும் பெட்டிகளையும் விற்றுப் பணக்காரர் ஆனார். அந்தப் பணத்தை எல்லாம் எழுத்தில் கொட்டினார்!

அக்காலத்தில் இங்கிலாந்தில் செல்வாக்கோடு இருந்தது வில்லியம் கேஸ்லனின் எழுத்து. பாஸ்கர்வில் அதைவிடத் தெளிவான ஒன்றை விரும்பினார். அவருக்காக எஃகில் எழுத்துகளை வெட்டியவர் ஜான் ஹேண்டி.

இதன் அமைப்பு என்ன? தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் உள்ள வேறுபாடு கேஸ்லனில் இருப்பதைவிட அதிகம். வட்ட எழுத்துகள் சாய்ந்து நிற்காமல் கிட்டத்தட்ட நேராக நிற்கும். கோடுகளின் முனையில் வரும் 'செரிஃப்' என்னும் சிறு கால்கள் கூர்மையானவை. சிறிய 'ஜி' எழுத்தின் கீழ் வளையம் மூடாமல் திறந்திருக்கும். பெரிய 'க்யூ' எழுத்தின் வால் ஒய்யாரமாக நீளும். பழைய பாணிக்கும் பின்னால் வந்த போடோனி பாணிக்கும் இடைப்பட்டது என்பதால் இதை 'இடைநிலை' வகை என்பார்கள்.

மெல்லிய கோடுகள் சரியாகப் பதிய வேண்டுமே! அதற்காக வழவழப்பான தாள், நல்ல கறுப்பு மை, அச்சடித்த தாளைச் சூடான தகடுகளுக்கு நடுவே அழுத்துவது என எல்லாவற்றையும் மாற்றினார். 1757-ல் வர்ஜில் கவிதைகளும், 1763-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காக பைபிளும் வெளிவந்தன.

ஆனால் இந்த எழுத்து வாசிப்பவர் கண்ணைக் குருடாக்கும் என்று ஒருவர் குறை சொன்னார். அதைக் கேட்ட பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஒரு குறும்பு செய்தார். கேஸ்லனின் மாதிரித் தாளை எடுத்து, மேலே பெயர் இருந்த பகுதியைக் கிழித்துவிட்டு, பாஸ்கர்வில்லுடையது என்று நீட்டினார். அந்த மனிதரும் அதைப் பார்த்து, படிக்கவே கண் வலிக்கிறது என்று குறைகளை அடுக்கினார்! 1760-ல் ஃபிராங்க்ளினே இதைக் கடிதத்தில் எழுதி பாஸ்கர்வில்லுக்கு அனுப்பினார்.

ஆறுதல் கிடைத்தது, வியாபாரம் நடக்கவில்லை. பைபிள் பிரதிகள் தேங்கின. அவர் இறந்த பின் 1779-ல் மனைவி சாரா அச்சுகளை பிரெஞ்சு நாடக ஆசிரியர் பூமார்ஷேவுக்கு விற்றார். அவர் அவற்றைக் கொண்டு வால்டேரின் முழுத் தொகுப்பை அச்சிட்டார். இங்கிலாந்தில் அந்த எழுத்து மெல்ல மறக்கப்பட்டது.

1917-ல் அமெரிக்க வடிவமைப்பாளர் புரூஸ் ரோஜர்ஸ் அதை மறுபடி கவனித்தார். 1923-ல் மோனோடைப் நிறுவனம் புதுப்பித்தது. 1953-ல் மூல அச்சுகள் பிரான்சிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு நன்கொடையாகத் திரும்பின. இன்று நாவல், கவிதை என நீண்ட வாசிப்புக்கான புத்தகங்களில் இது நம்பிப் பயன்படும் எழுத்து.

அன்று குறை சொன்னவரின் கண் எழுத்தைப் பார்க்கவில்லை, பெயரைத்தான் பார்த்தது. அந்தப் பழி நீங்க ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. பாஸ்கர்வில் அதைப் பார்க்க இருக்கவில்லை.