காறையெலும்பின் மேல் ஒரு முடிச்சு

காலில் முள் தைத்துப் புண்ணாகிவிட்டால் தொடையிடுக்கில் தோன்றும் வீக்கத்தை ‘நெறி கட்டியிருக்கிறது’ என்பது நம் வழக்கு. புண் ஆறினால் நெறியும் கரைந்துவிடும். ஓரிடத்து நோய் பிறிதோரிடத்தில் முடிச்சாகத் திரளும் என்ற அறிவு இச்சொல்லிலேயே பொதிந்திருக்கிறது. ஆனால் இடப்பக்கக் காறையெலும்புக்கு மேலுள்ள குழியில் வலியின்றித் திரளும் முடிச்சு, வயிற்றுக்குள் மறைந்திருக்கும் புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கக் கூடும் என்பது மருத்துவ வரலாற்றில் பிந்தியே பதிவாயிற்று.

பதிவு செய்தவர் ஜெர்மானியரான ருடால்ஃப் விர்ச்சோ (1821–1902). 1848இன் தொடக்கத்தில், மேல் சைலீசியாவில் பரவிய டைஃபஸ் காய்ச்சலை ஆராய்ந்துவரப் பிரஷ்ய அரசு அவரை அனுப்பியது. அவரோ வறுமையையும் கல்வியின்மையையும் காரணங்களாகக் காட்டி, அனுப்பியவர்கள் மீதே குற்றம் சாட்டினார். பெர்லின் திரும்பியதும் மார்ச் புரட்சியில் கலந்துகொண்டார். ஜூலையில் லாய்புஷர் என்பவருடன் சேர்ந்து ‘மருத்துவச் சீர்திருத்தம்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். அரசியல் அனல் பறந்த அவ்விதழில்தான் வயிற்றுப் புற்றையும் காறையெலும்பருகே வீங்கும் முடிச்சையும் இணைத்துக் காட்டும் அவரது சிறு குறிப்பு வெளிவந்தது என்பது நம்மை வியக்க வைக்கிறது. இதழ் ஓராண்டுகூட நீடிக்கவில்லை. விர்ச்சோவும் 1849இல் பெர்லினை விட்டு வூர்ஸ்பர்க் செல்ல நேர்ந்தது.

அது ஏன் இடப்பக்கம்? விடையின் ஒரு பாதி இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருந்தது. 1651இல் பிரான்சின் ழான் பெக்கே நாயின் உடலில் மார்பு நிணநாளத்தை விவரித்தார். அடுத்த ஆண்டே கோபன்ஹேகனில் தாமஸ் பார்த்தோலின் அதனை மனித உடலில் காட்டினார். கால்கள், வயிறு ஆகியவற்றின் நிணநீர் பெரும்பாலும் இந்த ஒரே நாளத்தின் வழியே மேலேறி, இடக்கழுத்தின் அடியில் சிரையோடு கலக்கிறது. ஆற்றில் எங்கோ விழுந்த சருகு கடைமடை மதகில் வந்து தேங்குவது போல, இரைப்பையிலிருந்து பெயர்ந்த புற்றணுக்கள் அங்கே தங்கிவிடுகின்றன.

பிரெஞ்சு மருத்துவர் ட்ருவாசியே 1889இல் வயிற்றுப் புற்றுகளில் காறையெலும்பின் மேல் தோன்றும் இவ்வீக்கத்தைப் பற்றி விரிவாக எழுதினார். இன்றும் மருத்துவ மாணவர்கள் இருவர் பெயரையும் சேர்த்தே படிக்கின்றனர். எக்ஸ்-கதிர் கண்டறியப்பட்டது 1895இல்தான். அதுவரை வயிற்றுக்குள் நடப்பதை அறிய மருத்துவரின் விரல்நுனி எட்டிய சில இடங்களுள் இக்குழியும் ஒன்று. எனினும் இது பிந்தி வரும் தூதன். முடிச்சு தட்டுப்படும்போது நோய் பெரும்பாலும் தொலைவு கடந்திருக்கும். கண்டறிந்தும் கைபிசைந்து நின்ற மருத்துவர்களின் நிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இம்முடிச்சுகள் எல்லாமே புற்று அல்ல. நம் நாட்டில் கழுத்து நெறிகளுக்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். நம் மருத்துவ வழக்கில் கண்டமாலை எனப்பட்டவற்றுள் பலவும் அதுவே என்று கருதலாம். இன்று அது பெரும்பாலும் ஆறு மாத அளவிலான மாத்திரைகளால் குணமாகிறது. நிணநீர்ப் புற்றும் நுரையீரல் புற்றும் இங்கே தலைகாட்டக் கூடும். தடவிப் பார்த்து இவற்றைப் பிரித்தறிய இயலாது. பற்றுப் போட்டுக் காத்திருக்கும் வாரங்கள் வீணே. மெல்லிய ஊசியால் சில அணுக்களை உறிஞ்சியோ, தேவைப்பட்டால் முடிச்சையே அகற்றியோ நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்க்கின்றனர். நோயை அணுக்களில் தேட வேண்டும் என்று 1858இல் நூலெழுதி வற்புறுத்தியவரும் அதே விர்ச்சோதான்.