கருவியும் கண்ணும்: குழந்தைக் கல்வி முறைகள் நாடு கடந்த வரலாறு குறித்து ஓர் ஆய்வு

பள்ளிப் பருவம் எய்தாத சிறு குழந்தைகளுக்குக் கல்வி அளிப்பது பற்றிப் பிற தேசத்தார் கண்டறிந்தவற்றைக் கற்றுவரப் புறப்படும் ஓர் ஆசிரியர், திரும்பும்போது எதைக் கொண்டுவர வேண்டும் என்னும் வினா நம் கல்வித் துறையில் போதிய அளவு விசாரிக்கப்படவில்லை. பெரும்பாலும் வந்து சேர்பவை கண்ணுக்குப் புலனாகும் பொருள்களே: சிறிய நாற்காலிகள், வண்ணக் கட்டைகள், கால அட்டவணைகள், சுவரில் மாட்டும் படங்கள். அவற்றையெல்லாம் தோற்றுவித்த அவதானம், அதாவது குழந்தையை அதன் போக்கில் விட்டு நெடுநேரம் உற்று நோக்கி, நோக்கியதற்கு ஏற்பத் தம் செயலை மாற்றிக்கொள்ளும் ஆசிரியரது பழக்கம், புறப்பட்ட இடத்திலேயே தங்கிவிடுகிறது. ஒரு கல்விமுறை வேற்று மண்ணில் உயிர்பெற்ற இடங்களில் இந்த அவதானமே முதலில் சென்று சேர்ந்தது என்பதும், உபகரணம் அதன்பின் அவ்விடத்துக்கு இசைய உருமாறியது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இத்துறையில் பெரும் புகழ் எய்திய மரியா மாண்டிசோரி அம்மையாரே அயல்நாட்டாரிடம் பாடம் கேட்டவர். இத்தார், செகன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவருடைய நூல்களையும் இத்தாலிய மொழியில் தம் கைப்படவே எழுதிப் படித்தவர் அவர். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கென்று செகன் வகுத்த சாதனங்களை, 1907ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் திறந்த குழந்தைகள் இல்லத்தில், சாதாரணக் குழந்தைகளிடம் அவர் கொடுத்துப் பார்த்தார். அங்கே ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரப்பலகையின் குழிகளில் உருளைகளைப் பொருத்துவதும் எடுப்பதுமாக நாற்பது தடவைக்கு மேல் அதே காரியத்தைச் செய்துகொண்டிருந்தாள்; மற்றக் குழந்தைகளைச் சுற்றிப் பாடச் சொல்லியும், அவள் அமர்ந்திருந்த நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தும், அவள் கவனம் கலையவில்லை. உருளைப் பலகை செகனுக்கும் தெரிந்த வகையைச் சேர்ந்த கருவிதான். ஆனால் அச்சிறுமியைத் தடுக்காமல், அவசரப்படுத்தாமல், எத்தனை முறை செய்கிறாள் என்று எண்ணிக்கொண்டு நின்றதே மாண்டிசோரி முறையின் பிறப்பு என்று நான் கருதுகிறேன்.

ஜப்பானில் நிகழ்ந்ததும் இதற்கு அரண் செய்கிறது. ஜெர்மானியப் பேராசான் ஃபிரோபெல் வகுத்த பந்து, உருளை, கனசதுரம் முதலிய விளையாட்டுச் சாதனங்கள் 1876இல் டோக்கியோ நகரத்துப் பெண்கள் ஆசிரியப் பள்ளியைச் சார்ந்த குழந்தைப் பள்ளிக்குள் நுழைந்தன. நுழைந்தவை வரிசைக்கிரமம் பிசகாமல் கையாளப்படும் சடங்குப் பொருள்களாக இறுகிப்போயின. பிற்காலத்தில் அப்பள்ளியின் தலைமையை ஏற்ற குராஹாஷி சோசோ, அவற்றை ஒன்றாகக் கலந்து ஒரு கூடையில் இட்டு, குழந்தைகள் விரும்பியவாறு எடுத்து விளையாடும்படி வைத்தார் என்பர். ஃபிரோபெலின் வரிசை குலைந்தது. விளையாட்டே குழந்தையின் தொழில் என்ற ஃபிரோபெலின் சித்தாந்தம் அன்றுதான் அங்கே காலூன்றியது.

இனி நம் தேசத்துக்கு வருவோம். வழக்கறிஞராக இருந்து, தம் மகனின் கல்வியைப் பற்றிய கவலையால் மாண்டிசோரியின் நூலைப் படித்து, அத்தொழிலையே துறந்து, 1920இல் பாவநகரத்தில் தட்சிணாமூர்த்தி பாலமந்திரை நிறுவிய கிஜுபாய் பதேகா, ரோமாபுரிக்குச் சென்றவரல்லர். அம்மையார் 1939 நவம்பரில் சென்னைக்கு வந்து சேர்வதற்குச் சில மாதங்கள் முன்னரே அவர் காலமாகிவிட்டார். ஆயினும் அவர் கண்மூடிப் பின்பற்றிய சீடரும் அல்லர். சிறு குழந்தைகளுக்குக் கற்பனைக் கதைகள் ஏற்றவையல்ல என்பது அம்மையாரின் அபிப்பிராயம். கிஜுபாயோ கதையையும் நாடோடிப் பாடலையும் நாடகத்தையும் தம் பள்ளியின் நடுநாயகமாக வைத்தார். நூலில் உள்ளதற்கும் எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் முரண் ஏற்பட்டபோது குழந்தையின் பக்கம் நின்றதால், அவரை அம்மையாரின் உண்மையான மாணாக்கர் என்று சொல்வதே பொருந்தும்.

அவரோடு சேர்ந்து உழைத்து, 1926இல் நூதன் பால சிட்சண சங்கம் தோன்றக் காரணமாயிருந்த தாராபாய் மோடக் அம்மையார் இவ்வழியில் இன்னும் நெடுந்தூரம் சென்றவர். நகரத்து நடுத்தரக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கே பயன்பட்டுவந்த இக்கல்வி கிராமத்து ஏழைக்கும் உரியதாக வேண்டும் என்ற காந்தியடிகளின் விருப்பத்தை மேற்கொண்டு, 1945இல் அன்றைய தாணா மாவட்டத்துக் கடலோரக் கிராமமாகிய போர்டியில் அவர் பால்வாடி தொடங்கினார். அனுதாய் வாக் என்னும் ஆசிரியை அங்கே அவருக்குத் துணையாக வந்து சேர்ந்தார். பள்ளி திறந்திருந்தும் பழங்குடிச் சேரிகளின் குழந்தைகள் வரவில்லை. தாய் தந்தையர் கூலிக்குச் செல்ல, ஐந்து வயதுப் பிள்ளை இரண்டு வயதுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும், சற்று மூத்தது மாடு மேய்க்கவும் வேண்டியிருந்த குடும்பங்கள் அவை. பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி பிள்ளையிடம் போகட்டும் என்று தீர்மானித்து, ஆசிரியைகள் அவர்களுடைய குடிசை முற்றங்களுக்கே சென்றார்கள். பாடத்துக்கு முன்னர் குளிப்பாட்டலும் தலைவாரலும் நகம் வெட்டலும் நடந்தன. பாடச் சாதனங்களாக அமைந்தவை விதைகள், கிளிஞ்சல்கள், கூழாங்கற்கள், இலைகள், களிமண். 1957இல் பணி கோஸ்பாட் மலைக்கு மாறியபின், தம்பி தங்கையரைச் சுமந்துவரும் பிள்ளைகளும் கற்கும்படி சிசுக் காப்பகத்தையும் பால்வாடியையும் தொடக்கப் பள்ளியையும் ஒரே வளாகத்தில் இணைத்தார்கள். மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக மேய்ச்சல் நிலத்திலேயே வகுப்பு நடத்தினார்கள். முற்றத்தில் நடந்த அந்தப் பள்ளிக்கு வழங்கிய அங்கன்வாடி என்னும் பெயரைத் தாங்கிய மையங்களுடனேயே 1975 அக்டோபர் 2ஆம் நாள் மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது.

கருவியைவிட அவதானமே முதன்மையானது என்னும் துணிபுக்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. மாண்டிசோரியின் சாதனங்கள் அலங்காரப் பொருள்கள் அல்ல. ஒவ்வோர் உருளையும் தனக்குரிய குழியில் மட்டுமே சரியாகப் பொருந்துமாறு அளந்து செய்யப்பட்டிருப்பதால், ஆசிரியர் வாய் திறவாமலே குழந்தை தன் பிழையைத் தானே கண்டு திருத்திக்கொள்கிறது. கிளிஞ்சலும் புளியங்கொட்டையும் அதைச் செய்யுமா என்று அம்முறையில் தேர்ந்தவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. விதைகளை இனம் பிரிக்கும் குழந்தை தவறிழைத்தால், விதை அதனைத் தடுத்து நிறுத்துவதில்லை. அங்கே ஒரு நுட்பம் இழக்கப்பட்டது உண்மை. ஆனால் விலை கொடுத்து வாங்கிய பெட்டி உடைந்துபோகுமோ என்று அஞ்சி அலமாரியில் பூட்டி வைக்கப்படும் பள்ளியில் அந்நுட்பம் இருந்தும் பயனில்லை. கருவி செய்யத் தவறுவதைக் கூர்ந்து நோக்கும் ஆசிரியை ஓரளவு ஈடுசெய்ய முடியும். ஆசிரியை நோக்கத் தவறுவதை எந்தக் கருவியும் ஈடுசெய்வதில்லை.

மாண்டிசோரி அம்மையாரும் இந்தியாவில் போதித்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. பிரம்மஞான சபையைச் சேர்ந்த அருண்டேல், ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பின்பேரில் அடையாற்றுக்கு வந்தவர், ஓலைக் கொட்டகைகளில் சுமார் 300 பேருக்குப் பயிற்சி அளித்தார்; 1940இல் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும், எதிரி நாட்டுப் பிரஜை என்ற காரணத்தால் கட்டுப்பாட்டுக்கு உள்ளானார். பின்னர்க் கோடைக்கானலில் வசித்த காலத்தில் பல வயதுக் குழந்தைகளையும் அருகிருந்து நோக்கித் தம் கருத்துகளை விரித்துக்கொண்டார். ஆமதாபாதில் அவர் ஆற்றிய விரிவுரைகளே, பிறந்தது முதலான முதற்பருவத்தைப் பற்றி 1949இல் அடையாற்றிலிருந்து வெளிவந்த நூலுக்கு அடிப்படையாயின. எழுபது வயதிலும் அவர் பார்த்துக் கற்பதை நிறுத்தவில்லை.

பார்ப்பவரின் கண்ணுக்கும் ஒரு தேசம் உண்டு என்பதை மறந்துவிடலாகாது. ஜோசப் டோபினும் அவருடைய சகாக்களும் ஜப்பான், சீனா, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் பாலர் பள்ளிகளைப் படம்பிடித்து, ஒரு நாட்டின் படத்தை மற்ற நாட்டு ஆசிரியர்களுக்கும் காட்டி, 1989இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனைத் தெளிவாக்கியது. கியோட்டோ நகரத்துப் பள்ளி ஒன்றில், குறும்புக்காரச் சிறுவன் ஒருவன் மற்றவர்களோடு மல்லுக்கு நிற்க, ஆசிரியை குறுக்கிடாமல் இருந்ததைக் கண்ட அமெரிக்கர் பலர் அதைக் கவனக்குறைவு என்று எண்ணினர். பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே வழக்கைத் தீர்த்துக்கொள்ளக் கற்க வேண்டும் என்பதற்காகவே வேண்டுமென்று விலகி நின்றதாக ஜப்பானியர் விளக்கினர். விளக்கத்தைக் கேளாமல் காட்சியை மட்டும் கண்டு திரும்பியவர் தவறான பாடத்தையே கொண்டுவந்திருப்பார்.

ஆகவே பின்லாந்துக்கோ இத்தாலிக்கோ ஆசிரியர்களை அனுப்பும் பொறுப்பில் உள்ளவர்கள், கட்டடங்களையும் சாதனங்களையும் பற்றிய அறிக்கையைக் கோருவதற்கு முன், ஒரு குழந்தையை ஒரு மணி நேரம் நோக்கி அது செய்தவற்றை மட்டும் எழுதிவரும்படி கேட்க வேண்டும். அதே பயிற்சியை, புறப்படுவதற்கு முன்னர், அவரவர் ஊர் அங்கன்வாடியில் செய்திருக்கவும் வேண்டும். இன்று நம் அங்கன்வாடிகளில் குழந்தையின் எடையும் உயரமும் உண்ட உணவும் வருகையும் தவறாமல் பதியப்படுகின்றன. அக்குழந்தை அன்று தானாகத் தேர்ந்து எதைச் செய்தது, எவ்வளவு நேரம் செய்தது என்று எழுதுவதற்கும் ஒரு பக்கத்தை ஒதுக்குமாறும், அதை எழுத ஊழியர்களுக்கு நேரம் அளிக்குமாறும் கல்வித் துறையினரைக் கேட்டுக்கொள்கிறேன்.