தந்தை வழி, தேதி வழி

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளுக்கு அயலில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 2021 வரை அதற்குப் பெயர் அகதிகள் முகாம். அங்கிருந்து என் வகுப்புக்கு ஒரு மாணவி வந்துகொண்டிருந்தாள். வகுப்பில் எங்களைப் போலவே பேசுவாள். அம்மாவோடு போனில் பேசும்போது மட்டும் "ஓமம்மா, வாறன்" என்று மொழி கடல் தாண்டிவிடும். ஒருமுறை கல்லூரிப் படிவத்தில் நாட்டுரிமைக்கான கட்டத்தை மட்டும் காலியாக விட்டுக் கொடுத்தாள். ஏன் என்றேன். "இந்தியன்னு போட்டா பொய் மேம். இலங்கைன்னு போட்டா, அங்க நான் போனதே இல்ல."

அவள் 2002-ல் இங்கே பிறந்தவள். அம்மா 1990-ல், பத்து வயதில் படகேறி வந்தவர். அந்தக் காலிக் கட்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதைப் பெண்களின் பக்கமிருந்து வாசித்துப் பார்க்கலாம்.

முதலில் 1948. விடுதலை பெற்ற இலங்கை தன் முதல் குடியுரிமைச் சட்டத்தை எழுதியது. அதற்கு முன் அங்கே பிறந்த ஒருவர் வம்சாவளிக் குடியுரிமை பெற, அவருடைய தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். தாய் எங்கே பிறந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. தேயிலைக் கொழுந்து கிள்ளியதில் பெரும்பகுதி பெண்களின் கைகள். லயத்து அறைகளில் பேறு பார்த்தவர்களும் பெண்களே. ஆனால் லயத்தில் பிறந்த தாத்தாவுக்குப் பிறப்புச் சான்று தேடி அலைந்தவர்கள் தாயின் பெயரைச் சொல்லித் தப்பிக்க முடியவில்லை. மலையகத் தமிழர் பல லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். மறு ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் மணமானவருக்கு ஏழு ஆண்டு, மணமாகாதவருக்குப் பத்து ஆண்டு தொடர்ந்த வசிப்பைக் கேட்டது. மனைவி மக்கள் உடன் வாழ வேண்டும் என்றும் கேட்டது. விண்ணப்பதாரர் என்றால் ஆண் என்றே அந்தச் சட்டம் நினைத்திருக்கிறது.

1964 அக்டோபர் 30-ல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். மளிகைக் கணக்குப் போலத்தான் இருக்கிறது. 1983-க்குப் பின் படகில் வந்தவர்களில் யாழ்ப்பாணத்தார், வன்னியார், மன்னாரார் எல்லோரும் உண்டு. ஒரு பகுதியினர் மலையக வழியினர். அதாவது தாத்தா காலத்தில் இங்கிருந்து போனவர்களின் பேத்திகள்.

இந்தியச் சட்டமும் தகப்பன் பக்கமே சாய்ந்திருந்தது. வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு இந்தியத் தாய் தன் குடியுரிமையைக் கொடுக்க 1992 வரை வழியில்லை. உள்நாட்டில் பிறந்தவர்களுக்கு 1955-ன் சட்டம் தாராளமானது. இந்த மண்ணில் பிறந்தால் போதும். 1986-ல் அதைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இலங்கையிலிருந்து வருவோரும் இருந்தார்கள். 1987 ஜூலை 1 முதல் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்றானது.

இந்தத் தேதி முகாம் பெண்ணின் வயிற்றில் என்ன செய்தது என்று பாருங்கள். ஒரே தாய்; 1986-ல் பிறந்த மூத்தவள் இந்தியக் குடிமகள், 1988-ல் பிறந்த இளையவள் அயல்நாட்டவள். மூத்தவளுக்கும் அது எளிதாகக் கிடைக்கவில்லை. மண்டபம் முகாமில் 1986 ஏப்ரலில் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டு நீதிமன்றம் போனார். 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர் பிறப்பால் இந்தியர் என்று சொன்ன பிறகே பாஸ்போர்ட்டுக்கு வழி பிறந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தபோது அவருக்கு 38 வயது.

இரண்டாவது தேதி 2004 டிசம்பர் 3. அன்று முதல் பெற்றோர் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் இந்தியர் என்றால் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. குண்டுக்கு ஓடியவள் எந்த அலுவலகத்தில் விசா வாங்குவாள்? பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர்களை அரசு அந்தச் சொல்லால்தான் குறிக்கிறது. 2019-ன் திருத்தம் மூன்று நாடுகளின் ஆறு மதத்தாருக்கு அந்தச் சொல்லிலிருந்து விலக்குத் தந்தது. இலங்கை அந்த மூன்றில் இல்லை.

2025-ல் பழைய நான்கு சட்டங்களை நீக்கிவிட்டு குடிவரவு மற்றும் அயல்நாட்டினர் சட்டம் வந்தது. செப்டம்பர் 1-ல் நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு பாஸ்போர்ட், விசா விதிகளிலிருந்து விலக்கும் வந்தது. முகாமில் அது பெரிய ஆறுதல், மறுக்க மாட்டேன். ஆனால் தண்டனையிலிருந்து விலக்குப் பெறுவது வேறு, குடியுரிமை பெறுவது வேறு. அதே ஆண்டு மே மாதம், இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், இந்தியா தர்மசத்திரம் அல்ல என்று உச்ச நீதிமன்ற அமர்வு சொன்னது. எனக்கு ராணி மங்கம்மாளின் சத்திரங்கள் நினைவுக்கு வந்தன. வழிப்போக்கர்களுக்குச் சத்திரம் கட்டி வைத்ததற்காக ஒரு பெண்ணை இந்த ஊர் முந்நூறு ஆண்டுகளாக நினைவில் வைத்திருக்கிறது.

முகாமின் அன்றாடத்திலும் இதே கணக்குதான். மாத உதவித்தொகை 2021-ல் உயர்ந்தபோது குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 என்றானது. அந்த 500 ரூபாய் வித்தியாசத்துக்குத் தலைவர் என்று பெயர். கணக்கெடுப்பு நாளில் வேலையை விட்டுவிட்டு வரிசையில் நிற்பதும், பதிவுத் தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மழையில் நனையாமல் காப்பதும் அநேகமாக அம்மாக்கள்.

போன ஆண்டு அந்த மாணவி போன் செய்தாள். கணவன் கவரைப்பேட்டைக்காரன், இந்தியன். அவளுக்கு ஐந்தாம் மாதம். "பிள்ளைக்கு என்ன மேம் போடுவாங்க?"

சட்டப் பிரிவை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். ஒருவர் இந்தியர், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவர். அந்தச் சொல்லின் வரையறையையும் படித்தேன்: இந்தியாவுக்குள் நுழைந்த அயல்நாட்டவர் என்று அது தொடங்குகிறது. நீ எங்கும் நுழையவில்லையே, இங்கேதானே பிறந்தாய், அதைச் சொல்லி வாதாடலாம் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப எங்கம்மா நுழைஞ்சதுதான் கேள்வியா மேம்?" என்றாள்.