திரை வாசிப்பானின் குரலைச் சரிசெய்தல்: நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்குமான விளக்கம்

திரை வாசிப்பான் என்பது திறன்பேசித் திரையில் உள்ளவற்றைக் குரலில் படித்துக் காட்டும் வசதியாகும். இது ஆண்ட்ராய்டு திறன்பேசிகளில் டாக்பேக் எனவும், ஐபோனில் வாய்ஸ்ஓவர் எனவும் அழைக்கப்படுகிறது. கண் அழுத்த நோய், நீரிழிவு விழித்திரை நோய் முதலியவற்றால் பார்வை குறைந்தோர் மருந்துக் குறிப்புகளையும் மருத்துவமனைக் குறுஞ்செய்திகளையும் அறிய இக்குரல் உதவுகிறது. குரல் நின்றுவிட்டால் கருவி பழுதாகிவிட்டது எனக் கருதுவதற்கு முன், கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் சரிபார்க்க வேண்டும்.

குரலே கேட்கவில்லை எனில்

1. வசதி இயக்கத்தில் உள்ளதா எனப் பார்க்கவும். குறுக்குவழி அமைக்கப்பட்டிருப்பின், ஆண்ட்ராய்டில் ஒலியளவுப் பொத்தான்கள் இரண்டையும் சில நொடிகள் சேர்த்து அழுத்த வேண்டும். ஐபோனில் பக்கவாட்டுப் பொத்தானை அல்லது முகப்புப் பொத்தானை மும்முறை அழுத்த வேண்டும்.

2. டாக்பேக் குரலின் ஒலியளவு, அழைப்பு மணியின் ஒலியளவிலிருந்து வேறானது. திரையில் விரலை நகர்த்தியவாறே ஒலியளவைக் கூட்டவும்.

3. புளூடூத் வழியாகக் காதொலிப்பானோ செவித்துணைக் கருவியோ இணைந்திருந்தால் குரல் அதில் ஒலிக்கும். புளூடூத்தை நிறுத்திப் பார்க்கவும்.

4. ஐபோனில் மூன்று விரல்களால் இருமுறை தட்டினால் பேச்சு அடங்கிவிடும். மீண்டும் அவ்வாறே தட்டினால் பேச்சு திரும்பும்.

தமிழில் படிக்கவில்லை எனில்

ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் அணுகல்தன்மைப் பகுதியைத் திறந்து, எழுத்தைப் பேச்சாக மாற்றும் அமைப்பைத் தேர்ந்தெடுக்கவும். அங்குள்ள பேச்சுப் பொறிக்குரிய அமைப்புகளில் தமிழ்க் குரல் தரவைப் பதிவிறக்கவும். இதற்கு இணைய இணைப்பு தேவை. பின்னர் மாதிரியை ஒலிக்கச் செய்து சரிபார்க்கவும். ஐபோனில் வாய்ஸ்ஓவர் அமைப்புகளின் பேச்சுப் பகுதியில் தமிழைச் சேர்க்கலாம். நிறுவனத்திற்கும் பதிப்பிற்கும் ஏற்பப் பெயர்கள் சிறிது மாறுபடலாம்.

குரல் தெளிவாக இல்லை எனில்

மேற்கண்ட பகுதிகளிலேயே பேச்சின் வேகத்தைக் குறைக்கலாம். முதுமையில் உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன் முதலில் குறைவதால், சுருதியைச் சற்றுத் தாழ்த்துவது முதியோர்க்கு உதவக்கூடும்.

மருந்தின் பெயரையும் அளவையும் கேட்கும்போது

தமிழ்க் குரல் ஆங்கில மருந்துப் பெயர்களைத் திரித்து ஒலிக்கக்கூடும். வேகமாக ஒலிக்கும்போது 0.5 என்பதிலுள்ள புள்ளி காதில் விழாமல் போகலாம். ஆகவே எழுத்தெழுத்தாகக் கேட்பதே பாதுகாப்பானது. புதிய டாக்பேக் பதிப்புகளில் மூன்று விரல்களை மேலோ கீழோ நகர்த்தி, 'எழுத்துகள்' என ஒலிக்கும்போது நிறுத்தி, பின் ஒரு விரலைக் கீழ்நோக்கி நகர்த்தவும். ஐபோனில் இரு விரல்களைத் திரையில் வைத்துத் திருகுவதுபோல் சுழற்றி இதனைத் தேர்ந்தெடுக்கலாம். ஐயம் எழுந்தால் மருந்தாளுநரிடம் உறுதி செய்யும்வரை மருந்தை உட்கொள்ள வேண்டா.

பராமரிப்பாளர் கவனத்திற்கு

• திரை வாசிப்பான் இயங்கும்போது ஒருமுறை தொட்டால் பெயர் மட்டும் ஒலிக்கும். திறப்பதற்கு இருமுறை தட்ட வேண்டும். திரையை நகர்த்த டாக்பேக்கில் இரு விரல்களும், வாய்ஸ்ஓவரில் மூன்று விரல்களும் தேவை.
• உங்கள் வசதிக்காக அதனை நிறுத்தினால், கருவியைத் திருப்பித் தருமுன் மீண்டும் இயக்கி, குரல் ஒலிப்பதை உறுதி செய்யவும்.
• குரலையும் வேகத்தையும் பயன்படுத்துபவரே தேர்ந்தெடுக்கட்டும். அவரிடம் கூறாமல் எதனையும் மாற்ற வேண்டா.
• கடவு எண்ணையும் ஆய்வக முடிவுகளையும் பொது இடங்களில் காதொலிப்பான் வழியாகக் கேட்குமாறு கூறவும்.