கவிதைக்காகக் காப்பாற்றப்பட்ட கடவுள்கள்

பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கில் வாழ்ந்த ஒரு வார்ப்புத் தொழிலாளி மாக்கல்லில் அச்சு ஒன்றைச் செதுக்கினார். ட்ரெண்ட்கார்டன் என்னும் ஊரில் கிடைத்த அந்தக் கல், இப்போது கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிலுவைப் பதக்கம் வார்க்க அதில் குழி உண்டு. இடியின் கடவுளான தோரின் சுத்தியலை வார்க்கவும் அதே கல்லில் குழி உண்டு. வாடிக்கையாளர் எந்தக் கடவுளைக் கும்பிட்டாலும் அந்தப் பட்டறையில் அவருக்கு வேண்டியது கிடைத்தது. இரண்டு மதங்களும் ஒரே தெருவில் நடமாடிய காலம் அது. பிறகு வந்த தலைமுறைகளில் சிலுவை மட்டும் நிலைத்தது. சுத்தியல் அணிவோர் இல்லாமல் போனார்கள்.

அவர்கள் தங்கள் தெய்வங்களின் கதைகளை ஏட்டில் எழுதிவைக்கவில்லை. ரூன் என்ற எழுத்து அவர்களிடம் இருந்தது. ஆனால் அது பெரும்பாலும் கல்லிலும் மரத்திலும் எலும்பிலும் பெயர்களையும் இறந்தோர் நினைவையும் சுருக்கமாகப் பொறிக்க உதவிய எழுத்து. நீண்ட கதைகள் வாய்மொழியாகவே வாழ்ந்தன. அப்படியிருக்க, கடவுள்களின் தலைவனான ஓடின் ஒரு கண்ணைக் கொடுத்து அறிவின் ஊற்றில் நீர் குடித்ததையும், லோகியின் சூழ்ச்சியால் அழகன் பால்டர் இறந்ததையும் இன்று உலகமே அறிந்திருப்பது எப்படி? பெரும்பகுதி விடை ஐஸ்லாந்தில் இருக்கிறது. அந்தக் கதைகளை எழுதிக் காத்தவர்கள் அந்தக் கடவுள்களை வணங்காத கிறிஸ்தவர்கள்.

ஐஸ்லாந்தில் மக்கள் பெருமளவில் குடியேறத் தொடங்கியது 870களில். பெரும்பாலோர் நார்வேயிலிருந்து வந்தார்கள். அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கங்களிலிருந்தும் பலர் வந்தார்கள், அவர்களில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் உண்டு. அரசன் கிடையாது. 930 முதல் திங்வெட்லிர் சமவெளியில் ஆண்டுதோறும் கோடையில் அல்திங் என்ற பொதுச்சபை கூடியது. சட்டத்துக்கு ஏடு இல்லை. அதனால் 'சட்டம் ஓதுபவர்' என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் ஒவ்வோர் ஆண்டும் மொத்தச் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சபைமுன் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும்.

1000ஆம் ஆண்டையொட்டி அந்தச் சபை இரண்டாகப் பிளக்கும் நிலை வந்தது. கிறிஸ்தவர்கள் ஒருபுறம், பழைய நம்பிக்கையினர் மறுபுறம். முடிவு சட்டம் ஓதுபவரான தோர்கெய்ரிடம் விடப்பட்டது. அவரோ பழைய மதத்தைச் சேர்ந்தவர். அவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு பகலும் ஓர் இரவும் ஒரு வார்த்தை பேசாமல் படுத்திருந்தார் என்று, நூறாண்டுக்குச் சற்றுப் பின் எழுதிய ஆரி தோர்கில்ஸன் சொல்கிறார். எழுந்ததும் தீர்ப்பைச் சொன்னார்: நாட்டுக்கு ஒரே சட்டம், எல்லோரும் ஞானஸ்நானம் பெற வேண்டும். கூடவே சில விலக்குகளையும் வைத்தார். குதிரை இறைச்சி உண்ணலாம். சாட்சி இல்லாத இடத்தில் பழைய தெய்வங்களுக்குப் பலியும் கொடுக்கலாம். சில ஆண்டுகளில் அந்த விலக்குகளும் நீக்கப்பட்டன. ஆனால் ஆயுதம் எடுக்காமல், சபையில் உட்கார்ந்து பேசி மதம் மாறிய நாட்டில் பழைய கதைகளின்மேல் வெறுப்பு வளரவில்லை. தாத்தா கும்பிட்ட தெய்வத்தைப் பேரன் கும்பிடவில்லை, அவ்வளவுதான். அந்தத் தெய்வத்தின் கதை வீட்டில் இருந்தது.

திருச்சபையோடு லத்தீன் எழுத்தும் வந்தது. 1117 குளிர்காலத்தில் சட்டத்தை எழுத ஆரம்பித்தார்கள். அதன்பின் தங்கள் குடியேற்ற வரலாறு, மன்னர்களின் வாழ்க்கை, குடும்பச் சண்டைகள் என எல்லாவற்றையும் கன்றுத்தோலில், அதுவும் தாய்மொழியில் எழுதினார்கள்.

கதை வீட்டில் இருந்தால் மட்டும் போதாது. அதற்கு ஒரு பயன் இருந்தால்தான் தலைமுறைகளைத் தாண்டும். அந்தப் பயனைக் கொடுத்தது கவிதைத் தொழில். நார்வே அரசவைகளில் பாடிப் பொன் வளையங்களைப் பரிசாகப் பெற்ற 'ஸ்கால்ட்' எனப்படும் புலவர்களில் பலர் ஐஸ்லாந்துக்காரர்கள். அவர்களுடைய யாப்பு கடினமானது. சொல்லாட்சி அதைவிடக் கடினம். ஒரு பொருளை நேராகச் சொல்லாமல் கதையை வைத்துச் சுற்றிச் சொல்ல வேண்டும். பொன்னை 'சிஃபின் கூந்தல்' என்பார்கள். தோரின் மனைவி சிஃபின் கூந்தலை லோகி விளையாட்டாக வெட்டிவிட, குள்ளர்கள் பொன்னால் புதுக் கூந்தல் செய்து கொடுத்த கதை தெரிந்தவருக்கே அது புரியும். கடலை 'யிமிரின் இரத்தம்' என்பார்கள், வானத்தை 'யிமிரின் மண்டையோடு' என்பார்கள்; யிமிர் என்ற அரக்கனின் உடலிலிருந்து உலகம் உண்டான கதை தெரிந்தவருக்கே அது புரியும். கதை மறந்துபோனால் மன்னர்களைப் புகழ்ந்த இருநூறு முந்நூறு ஆண்டுப் பாடல்கள் ஒன்றுமே விளங்காது. புதிதாக எழுதவும் முடியாது.

1200ஐ ஒட்டிய இளம் புலவர்களுக்கு அந்த ஆபத்து வந்துவிட்டது. அதற்கு மருந்து எழுதியவர் ஸ்னோரி ஸ்டுர்லுசன்.

ஸ்னோரி 1179இல் பிறந்தவர். ஓடி என்னும் பண்ணையில், நாட்டின் பெரும் தலைவரான யோன் லோஃப்ட்ஸனிடம் வளர்ந்தார். பெரும் செல்வந்தர், இரண்டு முறை சட்டம் ஓதுபவர், சூழ்ச்சி மிகுந்த அரசியல்வாதி. அவர் வாழ்ந்த ரெய்க்ஹோல்டில், வெந்நீர் ஊற்று பாயும் கல்கட்டிய குளம் இன்றும் இருக்கிறது. நார்வேக்குப் போய் 1220இல் திரும்பிய பின், இளம் மன்னர் ஹோகோனையும் கோமகன் ஸ்கூலியையும் புகழ்ந்து, நூறு வகை யாப்பு வடிவங்களைக் காட்டும் ஒரு நெடும்பாடல் எழுதினார். அதைப் புரிந்துகொள்ளவும் அதுபோல் பாடவும் இளைஞர்களுக்கு வேண்டிய கதைகளையும் விளக்கங்களையும் சேர்த்தார். அதுவே 'எட்டா'. 'நார்ஸ்' எனப்படும் இந்தப் புராணத்துக்கு இன்று உலகம் அடிப்படையாகக் கொள்ளும் நூல், ஒரு கவிதைப் பாடநூலாகவே பிறந்தது.

அதில் வரும் உலகத் தோற்றக் கதை இது. முதலில் கினுங்ககாப் என்னும் பெரும் வெற்றிடம். வடக்கே நிஃப்ல்ஹைம், பனியும் மூடுபனியும். தெற்கே முஸ்பெல், நெருப்பு. தெற்கின் அனல் வடக்கின் உறைபனியில் பட்டு உருகிய துளிகளிலிருந்து யிமிர் என்னும் அரக்கன் பிறக்கிறான். கூடவே அவுதும்லா என்ற பசுவும் தோன்றுகிறது. அதன் மடியிலிருந்து ஓடும் நான்கு பால் ஆறுகள் யிமிரை வளர்க்கின்றன. பசுவுக்குத் தீனி உப்புப் படிந்த பனிப்பாறை. அது நக்க நக்க முதல் நாள் மாலை பாறையிலிருந்து ஒரு தலைமுடி தெரிகிறது, இரண்டாம் நாள் தலை, மூன்றாம் நாள் முழு மனிதன். அவன் பூரி. பூரியின் பேரன்களே ஓடின், விலி, வே. மூவரும் யிமிரைக் கொல்கிறார்கள். அவன் தசை மண், எலும்பு மலை, பல் பாறை, இரத்தம் கடல், மூளை மேகம். மண்டையோட்டை வானமாகக் கவிழ்த்து நான்கு மூலைக்கும் ஒரு குள்ளனை முட்டுக் கொடுத்து நிறுத்துகிறார்கள். கடற்கரையில் கிடந்த இரண்டு மரங்களிலிருந்து முதல் ஆணும் பெண்ணும் உருவாகிறார்கள்: ஆஸ்க், எம்ப்லா.

வெட்டப்பட்ட உடலிலிருந்து உலகம் உண்டாகும் கதை மற்ற மக்களிடமும் உண்டு. ரிக்வேதத்தின் புருஷ சூக்தத்தில் தேவர்கள் புருஷனை வேள்வியில் பலியாக்க, மனத்திலிருந்து நிலவும் கண்ணிலிருந்து கதிரவனும் தலையிலிருந்து வானமும் பிறக்கின்றன. பாபிலோனின் களிமண் பலகைகளில் மார்துக், கடலரசி தியாமத்தை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை வானமாக்குகிறான். சீனக் கதையில் பான்கு இறந்ததும் அவன் மூச்சு காற்றாகவும் குரல் இடியாகவும் மாறுகின்றன. வடமொழியும் நார்ஸ் மொழியும் ஒரே மொழிக்குடும்பம் என்பதால் புருஷனுக்கும் யிமிருக்கும் பொது மூதாதைக் கதை தேடும் அறிஞர்கள் உண்டு. பாபிலோனையும் சீனாவையும் அந்தக் குடும்பத்தில் அடைக்க முடியாது. அங்கே வேறு விளக்கம் வேண்டும்.

ஸ்னோரி கேட்டதை அப்படியே எழுதியவர் அல்லர் என்பது இங்கே முக்கியம். அவர் சான்று காட்டும் பழம்பாடல்களுக்குள்ளேயே முரண் இருக்கிறது. 'வொலுஸ்பா' என்னும் பாடலில் ஓடினும் சகோதரர்களும் நிலத்தை மேலே தூக்கி நிறுத்துகிறார்கள். யிமிரின் உடலைக் கூறுபோட்டது அங்கே இல்லை. உடல் உலகமாகும் கதை வேறு இரண்டு பாடல்களில் வருகிறது. அவுதும்லாப் பசுவோ உலகத் தோற்றத்தைச் சொல்லும் அந்தப் பழம்பாடல்கள் எதிலுமே இல்லை. ஸ்னோரி எல்லாவற்றையும் தைத்து ஒரே சீரான கதையாக்கினார். அதோடு நூலின் முன்னுரையில் இந்தத் தெய்வங்கள் ட்ராய் நகரிலிருந்து வந்த மனிதர்கள், அறியாமையால் வணங்கப்பட்டவர்கள் என்று விளக்கம் தந்தார். கதைகளையும் நேராகச் சொல்லவில்லை: கில்ஃபி என்ற மன்னன் மாறுவேடத்தில் போய் மூன்று பேரிடம் கேள்வி கேட்பதாக அமைத்தார். இறுதியில் மாளிகையும் மனிதர்களும் மறைந்துபோக, கில்ஃபி வெட்டவெளியில் தனியே நிற்கிறான். நம்பாமலே ரசிக்க ஒரு கிறிஸ்தவருக்கு இவ்வளவு ஏற்பாடு தேவைப்பட்டது. அந்த அக்கறையை மதிக்க வேண்டும். அவர் நினைத்திருந்தால் ஓடினையும் தோரையும் பேய்கள் என்று ஒரு வரியில் தள்ளியிருக்கலாம்.

உலகின் முடிவான ரக்னரோக்கையும் அவரே விரிவாகச் சொல்கிறார். இடையில் கோடையே வராத மூன்று குளிர்காலங்கள், கதிரவனை விழுங்கும் ஓநாய், தோரும் பெரும்பாம்பும் ஒருவரால் ஒருவர் சாவது, நெருப்பரக்கன் சுர்ட் உலகை எரிப்பது. ஐஸ்லாந்துக்கு இவை வெறும் கற்பனை அல்ல. 939இல் தொடங்கிய எல்ட்கியா எரிமலைப் பிளவின் வெடிப்பு, அந்தத் தீவில் மக்கள் வாழ்ந்த காலத்தின் மிகப் பெரிய லாவா வெள்ளம். அந்த நினைவு 'வொலுஸ்பா'வின் இருண்ட கதிரவனிலும் வானளாவும் தீயிலும் இருக்கலாம் என்று 2018இல் ஓர் ஆய்வுக் குழு வாதிட்டது. நிரூபிக்க முடியாத வாதம்தான். ஆனாலும் சாம்பல் மூடிய கோடையை அந்தத் தலைமுறை கண்ணால் கண்டது.

ஸ்னோரியின் முடிவு கொடியது. மன்னர் ஹோகோனின் தடையை மீறி 1239இல் நார்வேயை விட்டு வந்தவர், 1241 செப்டம்பர் 23 இரவு ரெய்க்ஹோல்ட் வீட்டின் நிலவறையில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஆட்களோடு வந்தவர் அவருடைய முன்னாள் மருமகன் கிஸுர்.

அவர் சான்று காட்டிய பழம்பாடல்கள் 1270ஐ ஒட்டி ஒரு சிறிய தோல்நூலில் எழுதப்பட்டன. பிறகு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் அது எங்கே இருந்தது என்பதற்குத் தடயம் இல்லை. 1643இல் அது ஸ்கால்ஹோல்ட் பேராயர் பிரின்யோல்ஃபுர் ஸ்வெய்ன்ஸன் கைக்கு வந்தது. அவர் முதல் பக்கத்தில் தம் முத்திரை எழுத்தையும் ஆண்டையும் பொறித்தார். 1662இல், அப்போது ஐஸ்லாந்தையும் ஆண்ட டென்மார்க் மன்னருக்கு அனுப்பிவைத்தார். 'அரசரின் நூல்' என்று அதற்குப் பெயர் வந்தது அப்படித்தான். 45 தாள்கள் மிஞ்சியிருக்கின்றன. நடுவே 8 தாள்கள் காணாமல் போனதில் வீரன் சிகுர்தின் கதை பாதியில் அறுந்து நிற்கிறது. அந்த இடத்தை 'வொல்சுங்க சாகா' என்ற உரைநடை நூலைக் கொண்டுதான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

வறுமையில் வாடிய பண்ணைகளில் பழைய தோல் ஏடுகள் வேறு வேலைகளுக்கும் போயின. துணி வெட்டும் அளவுமாதிரியாக ஒரு தாள், பேராயரின் தலையணிக்கு உள் விறைப்பாகச் சில தாள்கள். இவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தவர் ஆர்னி மக்னூஸன். நிலக் கணக்கெடுப்புக்காக 1702 முதல் பத்தாண்டுகள் தீவெங்கும் அலைந்தபோது ஒற்றைத் தாளைக்கூட விடாமல் வாங்கினார். 1728 அக்டோபரில், அவர் சேர்த்த ஏடுகள் இருந்த கோபன்ஹேகன் எரிந்தது. முக்கியமான தோல் ஏடுகளில் பெரும்பாலானவற்றை வண்டிகளில் ஏற்றிக் காப்பாற்றினார்கள். அச்சு நூல்களும் பல பிரதிகளும் ஆவணங்களும் சாம்பலாயின. பதினைந்து மாதங்களில் ஆர்னி இறந்தார்.

டென்மார்க்கிலிருந்து ஐஸ்லாந்து 1944இல் முழுவதுமாகப் பிரிந்து குடியரசான பின், ஏடுகளைத் திருப்பிக் கேட்பது நாட்டின் பெரும் கோரிக்கையாயிற்று. டேனிஷ் அறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1971 ஏப்ரல் 21 அன்று 'வெட்டரென்' என்ற டேனிஷ் கடற்படைக் கப்பல் 'அரசரின் நூலை'யும் 'ஃபிளாடெயார்போக்' என்ற பெருநூலையும் சுமந்து ரெய்க்யாவிக் துறைமுகத்துக்கு வந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை, ஆயிரக்கணக்கானோர் கரையில் நின்றார்கள். ஒப்பந்தப்படி டென்மார்க் தர வேண்டிய மற்ற ஏடுகள் தவணை தவணையாக வந்து சேர 1997 ஆயிற்று. அவற்றுக்கென 2023இல் திறந்த கட்டடத்துக்கு 'எட்டா' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

நூலுக்கு 'எட்டா' என்று பெயர் சொல்லி, தொகுத்தவர் ஸ்னோரி என்றும் எழுதியிருக்கும் பதினான்காம் நூற்றாண்டுத் தொடக்கப் பிரதி அந்தக் கட்டடத்தில் இல்லை. டென்மார்க்கோடு செய்த ஒப்பந்தம் அதைக் கட்டுப்படுத்தாது. பதினேழாம் நூற்றாண்டில் ஸ்வீடனுக்குப் போன அந்தப் பிரதி, 1669 முதல் உப்சாலாப் பல்கலைக்கழக நூலகத்தின் உடைமை.